பீன்யாவில் 14 பேர் வேலை செய்யும் பிரஸ் ஷாப்: பாதுகாப்பு ஆடிட்டுக்கு கன்சல்டன்ட் வேண்டுமா, நாமே செய்துகொள்ளலாமா?

பீன்யா_பிரஸ்ஷாப்:

எல்லாருக்கும் வணக்கம். பெங்களூரு பீன்யா இரண்டாம் ஸ்டேஜில் ஷீட் மெட்டல் ஜாப் ஒர்க் யூனிட். கம்பெனி ரோலில் 9 பேர், ஏஜென்சி ஆட்கள் 5 பேர். 10, 30, 50 டன் என்று மூன்று சி-ஃபிரேம் பவர் பிரஸ் (தகட்டை டை என்ற அச்சில் வைத்து அடித்து வெட்டும், வளைக்கும் மிஷின்). மூன்றும் பின் (pin) கிளட்ச், அதாவது கீ கோர்த்து ஓடும் வகை, கால் பெடல். கூடவே ஒரு ஷியரிங் மிஷின், ஒரு ஸ்பாட் வெல்டிங், இரண்டு பெஞ்ச் கிரைண்டர், மூன்று ஆங்கிள் கிரைண்டர், 300 லிட்டர் ரிசீவரோடு (காற்றுத் தொட்டி) கம்ப்ரசர், டை தூக்க 1 டன் செயின் பிளாக்.

பெரிய கஸ்டமர் ஒருவர் 45 நாளில் பாதுகாப்பு ஆடிட்டுக்கு வருகிறார். 62 கேள்விகள் உள்ள லிஸ்ட் அனுப்பியிருக்கிறார்கள். ஒரு கன்சல்டன்சி 85,000 ரூபாய்க்கு பாலிசி, ரிஸ்க் அசெஸ்மென்ட், டிரெய்னிங் ரிக்கார்டு, போஸ்டர் எல்லாம் சேர்த்து ஃபைல் ரெடி பண்ணித் தருவதாகச் சொல்கிறது. இன்னொரு வியாபாரி, மூன்று பிரஸ்ஸுக்கும் லைட் கர்ட்டன் (கை குறுக்கே வந்தால் கண்டுபிடிக்கும் ஒளித் திரை) போட்டால் ஆடிட்டர் வேறெதையும் கேட்கமாட்டார் என்கிறார்.

என் கேள்வி மூன்று. 14 பேருக்கு எந்தச் சட்டம் பொருந்தும்? இருக்கிற பணத்தை முதலில் எதில் போடுவது? எதற்கு வெளியாள் கையெழுத்து கட்டாயம், எதை நாமே செய்துகொள்ளலாம்?

டை_செட்டர்:

லைட் கர்ட்டன் ஆர்டர் கொடுத்திருந்தால் இன்றைக்கே நிறுத்துங்க சார். பின் கிளட்ச் பிரஸ்ஸில் அது விரலைக் காப்பாற்றாது.

பெடலை மிதித்ததும் கிளட்ச்சின் கீ போய், மோட்டார் சுற்றும் கனமான சக்கரமான ஃபிளைவீலோடு கோர்த்துக்கொள்கிறது. ராமை (மேலும் கீழும் போய் அடிக்கும் பாகம்) இயக்கும் கிராங்க் தண்டு ஒரு முழுச் சுற்று சுற்றி மேலே வந்த பிறகுதான் அது கழலும். நடுவில் நிறுத்த வழியே கிடையாது. லைட் கர்ட்டன் கையைப் பார்த்து மோட்டாரை ஆஃப் பண்ணலாம். ஆனால் ஃபிளைவீலில் ஏறியிருக்கும் வேகம் ராமைக் கீழே கொண்டுவந்தே தீரும். காற்றில் இயங்கும் ஃபிரிக்ஷன் கிளட்ச், டபுள் வால்வ் உள்ள பிரஸ்ஸில்தான் லைட் கர்ட்டனுக்கு அர்த்தம். அங்கேயும் வைக்கிற தூரத்துக்குக் கணக்கு இருக்கிறது. பிரஸ் முழுவதும் நிற்க எடுக்கும் வினாடியை 2000-ஆல் பெருக்கினால் மி.மீ. கணக்கில் தூரம் வரும். 0.2 வினாடி என்றால் 400 மி.மீ. இது 14 மி.மீ. விரலைக் கண்டுபிடிக்கும் கர்ட்டனுக்கான கணக்கு. கண் அகலமான கர்ட்டனுக்குத் தூரம் இன்னும் கூடும்.

அடுத்து யாராவது இரண்டு கை பட்டன் போடச் சொல்வார்கள். அதையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 ஸ்ட்ரோக் பிரஸ், கோர்க்கும் இடம் ஒன்றே ஒன்று உள்ள கிளட்ச். பட்டனை அமுக்கிய நொடியில் கீ அந்த இடத்தை அப்போதுதான் தாண்டியிருந்தால், கோர்க்கவே ஒரு சுற்று ஆகும். ராம் கீழே வர இன்னும் அரைச் சுற்று. மொத்தம் 1.5 வினாடி. கை நகரும் வேகம் வினாடிக்கு 1600 மி.மீ. என்று வைத்தால், பட்டனை டையிலிருந்து 2.4 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். எந்த ஷாப்பிலும் அப்படி வைப்பதில்லை. அரை மீட்டரில் வைத்துவிடுகிறார்கள். அமுக்கிவிட்டுக் கையை உள்ளே கொண்டுபோக நேரம் தாராளமாகக் கிடைக்கிறது.

உங்கள் மூன்று பிரஸ்ஸுக்கும் சரியான வழி ஃபிக்ஸட் கார்டு (guard), அதாவது நிலையான தடுப்பு. டையைச் சுற்றி நாலு பக்கமும் அடைத்து, ஸ்ட்ரிப் (நீளத் தகட்டுப் பட்டை) போகிற அளவுக்கு மட்டும் வாய் விடுவது. வாயின் உயரத்தைப் பொறுத்து, பஞ்ச் (டையின் மேல்பாகம்) இறங்கும் இடத்திலிருந்து கார்டு எவ்வளவு தள்ளி இருக்கணும் என்பதை ஐ.எஸ்.ஓ. 13857 சொல்கிறது. நீளவாக்கில் உள்ள வாய்க்கு: 4 மி.மீ. வரை 2 மி.மீ., 6 வரை 10, 8 வரை 20, 10 வரை 80, 12 வரை 100, 20 வரை 120 மி.மீ. தூரம். அதற்கு மேல், 30 மி.மீ. வாய் விட்டால் 850 மி.மீ. தள்ளணும், அதாவது முழுக்கை நீளம். 1.6 மி.மீ. ஸ்ட்ரிப்புக்கு 6 மி.மீ. வாயே தாராளம். அப்படியானால் கார்டை டைக்கு நெருக்கமாகவே வைத்துவிடலாம், ஆபரேட்டருக்கு உள்ளே தெரியவும் செய்யும். 5 மி.மீ. பாலிகார்பனேட் போடுங்கள். அக்ரிலிக் வேண்டாம், அடி பட்டால் சில்லாக உடையும். ஸ்குரூவை ஸ்பேனரோ ஆலன் கீயோ இல்லாமல் கழற்ற முடியாதபடி வைத்து, அந்தக் கீ டை மாட்டும் செட்டரிடம் மட்டும் இருக்கட்டும்.

ஒவ்வொரு பிளாங்காக (முன்பே வெட்டிய தகட்டுத் துண்டு) கையில் வைத்து அடிக்கும் ஜாப்புக்கு இந்தக் கார்டு நேரடியாகப் பொருந்தாது. அதற்குச் சாய்வு சூட், தள்ளு கம்பி, டிராயர் மாதிரி வெளியே இழுத்து ஜாப்பை வைத்து உள்ளே தள்ளும் ஸ்லைடு டை இவற்றில் ஒன்று வேண்டும். காந்தக் குச்சி அல்லது இடுக்கி கூடுதல் உதவிதான், அதைக் கார்டாகக் கணக்கில் எடுக்காதீர்கள்.

டபுள் அடிப்பதைப் பற்றியும் சொல்லணும். பெடலை ஒரு தரம் மிதித்தால் ராம் இரண்டு தரம் இறங்குவது. கையில் ஃபீட் பண்ணும் பின் கிளட்ச் பிரஸ்ஸில் விரல் போகும் முக்கியமான வழி இது. காரணங்கள் நாலு: கீ முனை தேய்ந்து உருண்டிருப்பது, கீயைத் திருப்பி இழுக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருப்பது, டிரிப் பிராக்கெட் தேய்ந்திருப்பது, பிரேக் லைனிங்கில் எண்ணெய் பட்டோ லூஸாகியோ கிராங்க் மேல்முனையைத் தாண்டிப் போய்விடுவது. தினமும் ஷிஃப்ட் ஆரம்பத்தில் டையில் ஜாப் வைக்காமல் பத்து ஸ்ட்ரோக் அடித்துப் பாருங்கள். கிராங்க் நிற்கும் இடத்தில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டு வையுங்கள். நாளுக்கு நாள் கோடு தாண்டி நின்றால் பிரேக் தளர்கிறது என்று அர்த்தம். பிறகு பெடலை மிதித்தபடியே வைத்திருங்கள்: ஒரே ஸ்ட்ரோக்கில் மேலே நிற்கணும். தொடர்ந்து அடித்தால் சிங்கிள் ஸ்ட்ரோக் அட்டாச்மென்ட் இல்லை, அல்லது வேலை செய்யவில்லை. அந்த பிரஸ்ஸை அன்றைக்கே நிறுத்திவிடுங்கள். ஸ்பிரிங்கை உடையும்வரை ஓட்டாமல் தேதி வைத்து மாற்றுங்கள். இழுவிசை ஸ்பிரிங்கைவிட அமுக்கு ஸ்பிரிங் நல்லது, உடைந்தாலும் சுருள்கள் ஒன்றையொன்று தாங்கும்.

பெடலுக்கு மேலேயும் பக்கத்திலும் கூடு கட்டாயம். கீழே விழும் ஸ்கிராப் துண்டு பெடலில் பட்டாலே ராம் இறங்கிவிடும்.

டை மாற்றும்போது மெயின் ஆஃப் பண்ணிப் பூட்டுப் போட்டு, ஃபிளைவீல் சுற்றுவது முழுக்க நிற்கும்வரை காத்திருந்து, ராமுக்கு அடியில் ஸ்டீல் முட்டுக் கொடுத்த பிறகுதான் கை உள்ளே போகணும். ஆஃப் பண்ணின பிறகும் ஃபிளைவீல் சுற்றிக்கொண்டிருக்கும். அப்போது பெடலில் கால் பட்டால் ஒரு ஸ்ட்ரோக் நிச்சயம்.

லேபர்_ஃபைல்:

சட்டக் கேள்விக்கு வருகிறேன். உங்கள் எண்ணிக்கை 9 இல்லை, 14. ஏஜென்சி வழியாக வந்தாலும் அவர்களும் தொழிலாளர்கள்தான்.

1948 ஃபாக்டரி சட்டத்தில் மின்சாரத்தோடு 10 பேர், மின்சாரம் இல்லாமல் 20 பேர் என்றால் ஃபாக்டரி என்று இருந்தது. 2020-இன் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்துவிட்டது. அதில் இந்த எண்ணிக்கை 20, 40 என்று உயர்ந்திருக்கிறது. இதைக் கேட்டுவிட்டு 14 பேருக்கு எதுவும் இல்லை என்று நினைப்பவர்கள் நிறைய. அது தப்பு. 10 பேர் இருந்தாலே நீங்கள் அந்தச் சட்டத்தின் கீழ் ஒரு எஸ்டாப்ளிஷ்மென்ட். பதிவு செய்யணும், ஆறாம் பிரிவில் உள்ள முதலாளியின் கடமைகள் அத்தனையும் உண்டு. ஆபத்தில்லாத வேலையிடம், எல்லாருக்கும் அப்பாயின்ட்மென்ட் லெட்டர், குறிப்பிட்ட வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இலவச வருடாந்திர மருத்துவப் பரிசோதனை எல்லாம் அதில் வரும்.

இன்னொன்று. கடந்த 12 மாதத்தில் எந்த ஒரு நாளிலாவது 20 பேர் வேலை செய்திருந்தால் அது ஃபாக்டரி. ஆயுத பூஜைக்கு முன்னால் ஆர்டர் நெருக்கியபோது ஆறு ஆள் கூடுதலாகக் கூப்பிட்டிருந்தால் உங்கள் கணக்கு மாறிவிடும். மஸ்டரை (வருகைப் பதிவேடு) புரட்டிப் பாருங்கள். பழைய லைசன்ஸ் கையில் இருந்தால் நீங்களாகவே அதைக் கைவிட்டுவிடாதீர்கள். பன்னேர்கட்டா ரோடு கார்மிக பவனத்தில் ஃபாக்டரீஸ், பாய்லர்ஸ் துறை இருக்கிறது. உங்கள் ஆள் எண்ணிக்கையைச் சொல்லி, இப்போது எந்தப் படிவம் என்று நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். புதுச் சட்டத்தில் அதிகாரியின் பெயரே இன்ஸ்பெக்டர்-கம்-ஃபெசிலிடேட்டர். ஆலோசனை சொல்வதும் அவர் வேலைதான். பயப்படாமல் போங்கள்.

விபத்தில் ஒருவர் 48 மணி நேரம் வேலைக்கு வர முடியாமல் போனால் துறைக்கு நோட்டீஸ் கொடுக்கணும். இ.எஸ்.ஐ. போர்ட்டலில் விபத்து ரிப்போர்ட் தனி. சட்ட மீறலால் பலத்த காயம் என்றால் ஓராண்டு வரை சிறை, அல்லது 2 முதல் 4 லட்சம் அபராதம், அல்லது இரண்டும். உயிர் போனால் இரண்டாண்டு வரை சிறை, அல்லது குறைந்தது 5 லட்சம், அல்லது இரண்டும். அபராதத்தில் பாதிக்குக் குறையாமல் பாதிக்கப்பட்டவருக்கோ குடும்பத்துக்கோ கொடுக்கச் சொல்ல கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு.

ஏஜென்சி ஆட்களின் இ.எஸ்.ஐ.யில்தான் ஷாப்கள் மாட்டிக்கொள்கின்றன. மாதச் சம்பளம் 21,000 வரை உள்ள எல்லாருக்கும் கட்டணும்: தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25. ஏஜென்சி கட்டாவிட்டால் பொறுப்பு உங்கள் தலையில் வரும். பில் பாஸ் பண்ணும் முன் சலான் மட்டும் வாங்கினால் போதாது. ஐந்து பேரின் பெயரும் உள்ள பட்டியலையும் கேளுங்கள். அடிபட்ட பிறகு பார்த்தால் அந்தப் பையன் பெயரே அதில் இருக்காது.

எர்த்_பிட்:

வெளியாள் கையெழுத்து எதற்கு என்ற கேள்விக்கு: கம்ப்ரசர் ரிசீவர், செயின் பிளாக் இரண்டுக்கும் துறை அங்கீகரித்த காம்பிடென்ட் பெர்சன் பரிசோதித்துச் சான்று கொடுப்பதுதான் முறை. ரிசீவருக்கு வெளிப் பரிசோதனை 6 மாதத்துக்கு ஒருமுறை, உள் பரிசோதனை 12 மாதத்துக்கு ஒருமுறை; உள்ளே பார்க்க வழியில்லாத டேங்க் என்றால் அதற்குப் பதில் 2 வருடத்துக்கு ஒருமுறை தண்ணீர் அழுத்தச் சோதனை. செயின் பிளாக் 12 மாதத்துக்கு ஒருமுறை. அவர் வரும்போது ஸ்லிங், ஷாக்கிள், ஐ போல்ட் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிடுங்கள். ஒவ்வொன்றிலும் நம்பரும் தாங்கும் எடையும் பொறித்திருக்கணும். நம்பர் இல்லாத ஸ்லிங்குக்குச் சான்று வாங்கினாலும், அந்தச் சான்று எந்த ஸ்லிங்குக்கு என்று ஆடிட்டருக்குக் காட்ட முடியாது. ஹூக்கில் லாட்ச் இல்லையென்றால் முதலில் அதை மாட்டுங்கள்.

ரிசீவரில் தண்ணீரைத் தினமும் திறந்து விடணும். அடியில் தேங்கும் தண்ணீர்தான் தகட்டை உள்ளிருந்து அரிக்கிறது. வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். சேஃப்டி வால்வ் வளையத்தை அவ்வப்போது இழுத்துப் பாருங்கள், சிக்கிக்கொண்டிருந்தால் மாற்றிவிடுங்கள்.

மின்சாரத்தில் முதல் செலவு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., அதாவது மின்கசிவு வந்தால் தானே ஆஃப் ஆகும் சுவிட்ச். கையில் பிடிக்கும் கிரைண்டர், டிரில் போகும் எல்லா சாக்கெட்டுக்கும் போடுங்கள். 100 அல்லது 300 மில்லி ஆம்பியர் ஒன்று மெயினில் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். அது நெருப்புக்குத்தான், ஆளுக்கு இல்லை. டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அமுக்கி தேதி எழுதுங்கள். பேனலுக்கு முன்னால் 1 மீட்டர் இடம் காலியாக இருக்கணும். சின்ன ஷாப்பில் அங்கேதான் அட்டைப் பெட்டி அடுக்கி வைப்பார்கள். தரையில் போடும் மேட், ஐ.எஸ். 15652 முத்திரை உள்ள 2 மி.மீ. மேட்டாக இருக்கட்டும். சாதாரணக் கருப்பு ரப்பர் ஷீட்டில் கார்பன் கலந்திருக்கும், அதை நம்பி நிற்க முடியாது.

கிரைண்டர் விஷயம் சின்னது, ஆனால் கண் போகும் இடம். பெஞ்ச் கிரைண்டரில் ஜாப்பைத் தாங்கும் டூல் ரெஸ்டுக்கும் கல்லுக்கும் 3 மி.மீ., மேல் நாக்குக்கும் கல்லுக்கும் 6 மி.மீ., அதற்கு மேல் இடைவெளி கூடாது. கல் தேயத் தேய நகர்த்திக்கொண்டே வரணும், இல்லாவிட்டால் ஜாப் இடுக்கில் இழுபட்டுக் கல் வெடிக்கும். ஆங்கிள் கிரைண்டரில் கார்டைக் கழற்றிவிட்டுப் பெரிய டிஸ்க் மாட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள். 4 அங்குல மிஷின் நிமிஷத்துக்கு 11,000 சுற்று. அதில் 100 மி.மீ. டிஸ்க்கின் ஓரம் வினாடிக்கு 58 மீட்டர் வேகத்தில் போகிறது. 180 மி.மீ. டிஸ்க் மாட்டினால் 104 மீட்டர். டிஸ்க்கில் அச்சடித்திருக்கும் வரம்பு 80.

பீன்யா_பிரஸ்ஷாப்:

மிக்க நன்றி. லைட் கர்ட்டன் கொட்டேஷனுக்கு வேண்டாம் என்று எழுதிவிட்டேன். 10 டன் பிரஸ்ஸில் பெடலை மிதித்துப் பிடித்தால் தொடர்ந்து அடிக்கிறது, நிறுத்தி வைத்திருக்கிறேன்.

இன்னும் இரண்டு சந்தேகம். சத்தத்துக்கு என்ன செய்வது? ஆட்களில் கன்னடம், தமிழ், ஒடியா, இந்தி நாலும் உண்டு, டிரெய்னிங்கை எப்படி நடத்துவது? அதோடு, ஒரு வருடம் முன்னால் 30 டன்னில் கார்டு போட்டோம், இரண்டே வாரத்தில் ஆபரேட்டர்களே கழற்றிவிட்டார்கள். மறுபடி அப்படி ஆகாமல் இருக்க வழி இருக்கிறதா?

லேபர்_ஃபைல்:

டிரெய்னிங்கை ஹாலில் உட்கார வைத்து நடத்தாதீர்கள். பிரஸ் பக்கத்தில், ஒரு நாளைக்கு ஒரே விஷயம், பத்து நிமிஷம். சொன்னதை ஆபரேட்டரையே திருப்பிச் செய்து காட்டச் சொல்லி, அந்தத் தேதியில் கையெழுத்து வாங்குங்கள். ஒடியா பேசுபவருக்கு ஒடியா தெரிந்த சீனியர் ஒருவர் சொல்லட்டும். ஆடிட்டர் ஃபைலை ஐந்து நிமிஷம்தான் பார்ப்பார். அப்புறம் நேராக ஆபரேட்டரிடம் போய், டபுள் அடித்தால் என்ன செய்வாய் என்று கேட்பார். 85,000 ரூபாய் ஃபைலில் அதற்குப் பதில் இருக்காது. கன்சல்டன்ட் வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு நாள் ஷாப்புக்கு வந்து மிஷின் மிஷினாகப் பார்த்துக் குறை எழுதித் தருபவருக்குக் கூலி கொடுக்கலாம். ஷாப்புக்குள் வராமலேயே ரிஸ்க் அசெஸ்மென்ட் எழுதுபவரைத் தவிர்த்துவிடுங்கள்.

முதலுதவிப் பெட்டி பக்கத்தில் ஒரு தாள் ஒட்டுங்கள், படத்தோடு. விரல் துண்டானால் காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்துவது. துண்டான விரலை ஈரக் காஸ் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வைப்பது. ஐஸ் நேரடியாக விரலில் படக்கூடாது, திசு செத்துவிடும். பீன்யா, ராஜாஜிநகர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிகளின் அவசர எண்ணையும், விரல் ஒட்டும் மைக்ரோ சர்ஜரி ராத்திரியிலும் எங்கே செய்வார்கள் என்பதையும் இந்த வாரமே விசாரித்து அதில் எழுதிவிடுங்கள்.

டை_செட்டர்:

சத்தத்துக்கு நம் விதிகளில் 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல். 5 டெசிபல் ஏற ஏற நேரம் பாதியாகும், 95-க்கு 4 மணி, 100-க்கு 2 மணி. காது பிளக் கொடுப்பதற்கு முன் மூன்று இடத்தைப் பாருங்கள். ஜாப் விழும் தகரச் சூட்டின் உள்ளே பழைய கன்வேயர் பெல்ட் துண்டு ஒட்டுங்கள். காற்று அடித்து ஜாப்பைத் தள்ளும் நாசிலை மாற்றி, அழுத்தத்தைக் குறையுங்கள். பிரஸ் காலுக்கு அடியில் ரப்பர் பேட் போடுங்கள். இந்த மூன்றும் செலவு குறைந்தவை.

கார்டைக் கழற்றியதற்கு ஆபரேட்டரைத் திட்ட வேண்டாம். கழற்ற ஒரு காரணம் இருந்திருக்கும், அதைக் கண்டுபிடியுங்கள். ஸ்கிராப் உள்ளே சிக்கி, எடுக்க ஒவ்வொரு தரமும் நாலு ஸ்குரூ கழற்ற வேண்டியிருந்ததா? அப்படியானால் பின்பக்கம் ஸ்கிராப் தானாக விழ ஒரு சூட் விடுங்கள். அந்த வாயும் முன்னே சொன்ன அளவுக்குள் இருக்கணும். ஸ்ட்ரிப் ஸ்டாப்பரில் இடிக்கிறதா என்று தெரியவில்லையா? பாலிகார்பனேட் எண்ணெய் பட்டு மங்கியிருக்கும், அந்த இடத்தில் மட்டும் 6 மி.மீ. தடிமன் செங்குத்துக் கம்பிகளாக மாற்றி (கம்பி இடைவெளியும் முன்னே சொன்ன அளவுக்குள்), உள்ளே ஒரு எல்.இ.டி. விளக்கு வையுங்கள். பீஸ் ரேட் கூலியா? கார்டோடு ஒரு மணி நேரத்துக்கு எத்தனை வருகிறது என்று நீங்களே நின்று எண்ணி, அந்த எண்ணை வைத்து ரேட்டை மாற்றிக் கொடுங்கள். கூலி குறைந்தால் எந்தக் கார்டும் நிற்காது.

கார்டைப் பிரஸ்ஸில் மாட்டாமல் டையிலேயே மாட்டிவிடுங்கள். டை ஏறும்போது கார்டும் சேர்ந்தே ஏறும், தனியாக மாட்டும் வேலையே இருக்காது. ஒவ்வொரு டைக்கும் வாய் அளவும் அதற்கேற்ப இருக்கும். 30 டன்னில் அதிகம் ஓடும் இரண்டு டையிலிருந்து ஆரம்பியுங்கள், 45 நாளில் எட்டு, பத்து டை முடித்துவிடலாம். முடியாத டைகளைச் சிவப்பு பெயின்ட் அடித்து ரேக்கில் தனியாக வைத்து, கார்டு போட்ட பிறகுதான் இறக்குவது என்று எழுதி ஒட்டுங்கள். 10 டன் பிரஸ்ஸில் கிளட்ச் கீயை வெளியே எடுத்ததும் முனையை நகத்தால் தடவிப் பாருங்கள்: விளிம்பு கூராக இருக்கணும், வழுக்கினால் கீ, ஸ்பிரிங், பிராக்கெட் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் புதிதாகப் போட்டால் பழைய பிராக்கெட் புதுக் கீயையும் சீக்கிரம் உருட்டிவிடும்.